நீ அனுப்பிய கார் பந்தயத்தில் ஓடியது

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
19-1-88

அன்பு மகன் ராஜமாணிக்கத்துக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அண்ணாமலையார் தயவில் இங்கே எல்லோரும் சுகம், சுகம் என்பது என் முட்டி வலியையும் சேர்த்துத்தான். நீ அந்த வெயில் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். பொங்கலுக்கு முன்பே எழுத வேண்டியது, மூன்று நாளாக உட்கார நேரமில்லை. இப்போதும் அடுப்பில் உலையை வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சின்னசாமி லீவில் வந்தபோது நீ கொடுத்தனுப்பிய ரிமோட் காரை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். உன் அக்கா ஆதிலட்சுமி பொங்கலுக்குப் போளூரிலிருந்து வந்திருந்தாள், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் பெண் ஜோதி அந்தக் காரைப் பார்த்ததிலிருந்து சாப்பாட்டையே மறந்துவிட்டாள். அந்தக் கார் ஒன்றுதான் வந்தது என்று நினைத்திருந்தேன், துபாயிலும் மஸ்கட்டிலும் பிள்ளைகள் இருக்கிற வீட்டிலெல்லாம் இந்த வருஷம் ஒரு கார் வந்திருக்கிறது போல. நம் வீட்டுக்குப் பின்னால் பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்களே, அந்த நிலத்தில் இளைஞர் மன்றத்துப் பையன்கள் சுண்ணாம்புக் கோடு போட்டு, வளைவுக்கு வளைவு பழைய சைக்கிள் டயரும் செங்கல்லும் அடுக்கி, மைக் செட் கட்டி, பொங்கல் மூன்று நாளும் கார் பந்தயம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மொத்தம் ஒன்பது கார். ஒரு ரிமோட்டை அழுத்தினால் பக்கத்து வீட்டுக் காரும் சேர்ந்து ஓடுகிறது, அதனால் ஒன்றோடொன்று குழம்பாத காராகப் பார்த்து ரெண்டு ரெண்டாக விட்டார்கள். பாட்டும் கூச்சலும் காதைப் பிளந்தது. டவுனிலிருந்து ஆட்டோவில் வந்தார்கள், காணும் பொங்கல் அன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் நம் வீட்டு அடி பம்பில்தான். பம்பை அடித்து அடித்து என் தோள் விட்டுப்போயிற்று, நல்ல நாளில் வேண்டாம் என்று யாரைச் சொல்வது. தெரிந்த முகமாக இருந்தால் டீயும் போட வேண்டியிருந்தது. போகிக்கு மெழுகிய வாசல் ஒரே நாளில் புழுதிக்காடு.

முதல் நாள் சின்னப் பிள்ளைகள் ஓட்டியதில் காரும் காரும் மோதி, பிள்ளைகளும் மோதிக்கொண்டார்கள். அதனால் இனிமேல் பெரியவர்கள்தான் ஓட்ட வேண்டும் என்று மன்றத்துச் செயலாளர் சக்கரவர்த்தி மைக்கில் சொல்லிவிட்டான். ஜோதி அழுத அழுகை உனக்கே கேட்டிருக்கும். ஆதிலட்சுமி ஓட்டிப் பார்த்தாள், நேராக வேலி முள்ளில் கொண்டுபோய் விட்டாள். அப்புறம் ஜோதி யாரையும் கேட்காமல் ரிமோட்டைக் கொண்டுபோய் உன் அப்பா மடியில் வைத்துவிட்டாள். எனக்குப் பக்கென்றது. கீழ்பென்னாத்தூர் ரோட்டில் அந்த சைக்கிள்காரர், அப்பா ஓட்டிய பஸ்ஸில் அடிபட்டுச் செத்த பிறகு அப்பா ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்பது உனக்குத் தெரியாததல்ல. கோர்ட்டில் குற்றமில்லை என்று சொல்லியும், முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் போகவில்லை. கோயில் பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், அங்கே போகவும் வரவும் நடைதான், பஸ்ஸில் ஏறுவதில்லை. வேண்டாம்மா, தாத்தாவுக்கு வராது என்று நான் ஜோதியிடம் சொல்லப் போனேன். அதற்குள் அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை ரெண்டு ஆட்டத்திலும் நம் கார்தான் முந்தியது. மற்றவர்கள் காரையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள், அப்பா மட்டும் கார் போகப்போகிற வளைவைப் பார்க்கிறார். வளைவு வரும்போதெல்லாம் வலது கால் தானாக மண்ணில் அழுந்துகிறது, பிரேக் மிதிக்கிற மாதிரி. அதைப் பார்த்துவிட்டு ஒருத்தன், “டிரைவர் அண்ணன் காலாலயே ஓட்டுறாருடா”ன்னு கத்தினான், எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா சிரித்தார் ராஜா. நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

காணும் பொங்கல் அன்று சாயங்காலம் கடைசி ஆட்டம். எதிரில் கீழ்பென்னாத்தூர் கருப்பன், உரக்கடை வைத்திருக்கிறாரே, அவருடைய சிவப்புக் கார். ஐந்து சுற்று. நாலு சுற்று வரை நம் கார் முழமளவு முன்னால் போயிற்று. கடைசிச் சுற்றில், கூட்டம் நெருக்கியதில் வழி தெரியாமல் ஐஸ் விற்கிறவர் ஒருத்தர் பெட்டி கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோட்டுக்குள் வந்துவிட்டார். வயதானவர், காதும் கம்மி. கார் என்ன பெரிய கார், ஒரு சாண் உயரம்கூட இல்லை, காலில் பட்டால் எறும்பு கடித்த மாதிரி இருந்திருக்கும். ஆனால் அப்பா வெடுக்கென்று திருப்பினார். கார் போய் செங்கல்லில் அடித்து, முன் சக்கரம் கழன்று தனியாக உருண்டது. கருப்பன் கார் கோட்டைத் தாண்டிவிட்டது. ஜெயித்த பந்தயம் போயிற்றே என்று நம் தெரு ஆட்கள் கத்தினார்கள். பக்கத்தில் நின்ற ஒருத்தன், “பொம்ம காருக்குப் போயி யாருன்னா இவ்ளோ பயப்படுவாங்களா”ன்னு சிரித்தான். அப்பா காதில் எதுவும் விழவில்லை. ரிமோட்டை ஜோதியிடம் கொடுத்துவிட்டு நேரே அந்த ஐஸ்காரரிடம் போனார். “அடி பட்டுச்சாங்க”ன்னு கேட்டார். அவர், “எனக்கு இன்னாத்துக்கு சாமி அடி படுது”ன்னு முழித்தார். அப்பா விடவில்லை, குனிந்து அவர் முழங்காலையும் பாதத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஐஸ்காரருக்கு என்ன புரிந்ததோ, அப்பா தோளைப் பிடித்து நிமிர்த்தி, “ஒண்ணும் ஆவலப்பா, பாரு, நல்லாத்தான் கீறேன்”ன்னு ரெண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டினார்.

கூட்டம் கலைந்ததும் அப்பா அந்தச் செங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, “அன்னிக்கும் இப்டித்தான் திருப்புனேன் மணி, வண்டி கேக்கல”ன்னு என்னிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். ரெண்டு வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. நானாகக் கேட்டதும் இல்லை. ஏன் கேட்கவில்லை என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்வேன். அவர் வேகமாகத்தான் போயிருப்பார் என்று நானும் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எழுதினாய், நான் எழுதவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். அப்பாவின் அவசரம் ஒரு குடும்பத்தைத் தெருவில் விட்டுவிட்டது என்று நீ அப்போது எனக்கு எழுதிய கடிதத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவர் எடுத்துப் படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார் என்பது மடிப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. ரெண்டு பேருமாகச் சேர்ந்து அந்த மனுஷனைத் தனியாக விட்டுவிட்டோம், அதைத்தான் சொல்கிறேன்.

நேற்று ஆதிலட்சுமியும் ஜோதியும் ஊருக்குக் கிளம்பினார்கள். அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வருவார் என்று பார்த்தால், அவர்களோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். போளூர் வரை போய் விட்டுவிட்டு, திரும்பியும் பஸ்ஸிலேயே வந்தார். வந்தவர், “கூட்டம் ஜாஸ்தி, நின்னுக்கினே வந்தேன்”ன்னு சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். மறுபடி வண்டி ஓட்டுவாரா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது, நானும் கேட்கப்போவதில்லை.

உலை கொதிக்கிறது, முடித்துக்கொள்கிறேன். வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வேலை செய்யாதே. எண்ணெய் தேய்த்துக் குளி. கடைச் சாப்பாட்டைக் குறை. அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உனக்குக் காவலாக இருக்கட்டும், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த கடிதத்தில் உறை மேல் என் பெயரைப் போடாதே, அப்பா பெயரைப் போடு. கோர்ட் காகிதத்தைத் தவிர அவர் பெயரைச் சொல்லித் தபால்காரர் இந்த வாசலில் கூப்பிட்டு ரெண்டு வருஷம் ஆகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
மணியம்மாள்