நரைத்த கூரை

22 ஏப்ரல் 1998, புதன்

தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கும் மருமகள் வசந்தி, போன வாரம் எங்கள் தகரக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் இருந்தவரை வருஷா வருஷம் சிவப்பு பெயின்ட் அடித்த கூரை. இனி சூடு இறங்காதாம், கரன்ட் மிச்சமாம். வீட்டில் பலித்தால்தான் ஒர்க்‌ஷாப் கூரைக்கும் அனுமதி என்று சொன்ன அவளுடைய மேலதிகாரி, சனிக்கிழமை வந்து என்னையே கேட்கப் போகிறார்.

"இன்னாக்கா, வீட்டுக்கு நரை வந்துடுச்சா?" என்று எதிர்வீட்டு ரோஸி கேட்டதிலிருந்து, பயனில்லை என்றே அந்த அதிகாரியிடம் சொல்வதாக இருந்தேன்.

இன்று மத்தியானம் ஃபேன் போடாமலே இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டேன். விழித்தால், ஷிப்ட் முடிந்து வந்த வசந்தி எதிரே நிற்கிறாள்.

"இன்னா அத்தே, ஃபேன் போடலியா?"

"கரன்ட் இல்ல."

"அப்ப ஃப்ரிட்ஜ் இன்னாத்துல ஓடுது?"

அவள் சிரிக்கவில்லை. கீழே விழுந்திருந்த என் கண்ணாடியைத் துடைத்துத் தலையணை அருகே வைத்துவிட்டுக் காபி போடப் போனாள்.

நான் படித்த கான்வென்ட்டில் பொய் சொன்னால் முழங்கால் போட வைப்பார்கள். இப்போது என் முழங்கால் அதற்கு ஆகாது. சனிக்கிழமை அதிகாரியிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது வசந்தியும் பக்கத்தில் இருக்கட்டும். அவளிடம் தனியாகச் சொல்ல எனக்கு வாய் வராது.