தம்பிக்குச் சாம்பிராணி வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

யோகேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? தம்பி குப்புற விழ ஆரம்பித்துவிட்டானா? நான் இந்த ரெம்பாவ் எஸ்டேட்டில் நன்றாகவே இருக்கிறேன்.

இங்கே சில நாட்களாகப் புகைமூட்டம். எதிரே உள்ள செம்பனை மரங்கள்கூடத் தெரியவில்லை. தலை கனத்துப்போய், நேற்று பிள்ளைக் காப்பகத்தில் மைலோவில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன்.

"அக்கா, சி ரூசா கடலயே கலக்கிட்டீங்க லா!" என்று சின்ன ஹேமநாதன் கத்தினான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியும் சிரித்தார். "புகை தலைய மந்தமாக்கும், வெளிய இருக்கிற புகைன்னாலும் சரி, வீட்டுக்குள்ள போடுறதுன்னாலும் சரி. அந்தத் தூசி மூளை வரைக்கும் போகுதாம். சின்னப் பிள்ளைங்களுக்கு மூளை வளர்ற நேரம், ரொம்பக் கவனமா இருக்கணும்" என்றார்.

உடனே தம்பி ஞாபகம் வந்தது. குளிப்பாட்டியதும் அவன் தலைக்குத் தினமும் சாம்பிராணிப் புகை காட்டுகிறீர்களே, இனி வேண்டாம் அம்மா. துண்டால் துவட்டினாலே தலை காய்ந்துவிடும். போனில் சொல்லலாம் என்றால் பக்கத்தில் அத்தை இருப்பார், எனக்கு வாய் வராது. அத்தை கோபித்தால் மிஸ்ஸி சொன்னதாகச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் தூங்கி எழுந்துவிட்டார்கள், முடிக்கிறேன். மீதமிருக்கும் சாம்பிராணியை எனக்கு அனுப்பிவிடுங்கள். கொளுத்த மாட்டேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டால் நம் வீட்டு வாசனை வரும்.

உங்கள் மகள்
யோகேஸ்வரி