தோளில் படாத கை

உன்னைத் தொட மறுத்தவள் ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவள். இன்றைக்கும் அடிவாரத்துக் கோவிலில் முன்வரிசையில்தான் முழங்கால் போடுகிறாள். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும்.

காலையில் தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில் இரண்டு வெள்ளைத் துணிப் பட்டைகள். தைலம் பூசிய நெற்றியில் கட்டிக்கொள்ள, பேளுக்குறிச்சிச் சந்தையில் ஒரு முழம் மல்துணி வாங்கி, பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தாயே, அதுதான். ஒன்றில் எண்ணெய்க் கறை. முகர்ந்தால் தைலத்தின் வாசம் இன்னும் லேசாக வருகிறது. மற்றதில் கறையே இல்லை. அது உன்னுடையது.

நெற்றியில் தைலம் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிபூசுதலுக்கு எட்டு மாதம் படித்தோம். காப்பித் தோட்டத்தில் வேலை முடிந்து, சேறு காயாத காலோடு உபதேசியார் முன்னால் போய் உட்காருவோம். இஸ்பிரீத்து சாந்து என்னும் பரிசுத்த ஆவியின் ஏழு வரங்களில் 'திடம்' வரும்போது மட்டும் உன் குரல் கூரையை முட்டும். பூசி வைக்க வரும் மேற்றிராணியார், சாமியார்களுக்கெல்லாம் மேலானவர், முடித்ததும் கன்னத்தில் லேசாகத் தட்டுவார் என்று உபதேசியார் சொன்னார்.

"எதுக்குங்க தட்டறது?" என்றாய்.

"விசுவாசத்துக்காக அடி வாங்கவும் தயாரா இருக்கோணும்னு."

"அடி வாங்கறது எங்களுக்குப் பழக்கந்தானுங்களே. அதுக்கு அவரு இத்தனை தூரம் வரோணுமா?"

உபதேசியார் சிரிப்பை அடக்கப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

பூசும்போது ஞானத்தாய் பின்னால் நின்று வலது தோளில் கை வைக்க வேண்டும். அவளும் உறுதிபூசுதல் பெற்றவளாக இருக்க வேண்டும். மலைமேல் எடப்புளி நாட்டில் கிறிஸ்து வேதக்காரர்கள் என்று இருந்ததே கூலிக்கு மலையேறி வந்த நம் நாலு குடும்பம்தான். அதில் பூசப்பட்டவர் ஒருவரும் இல்லை. அதனால் அடிவாரத்து நிலக்காரர் வீட்டம்மாளை நம் இருவருக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

அன்று காலை, மேற்றிராணியார் வருமுன், எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பழக்கினார்கள். நீ திரும்பிப் பார்த்தாய்.

"ஏனுங்கம்மா, கை படலீங்களே."

"வெச்சுத்தான் இருக்கறேன். நேரா நில்லு."

"காத்துல வெச்சிருக்கறீங்க."

அந்தக் கை உன் தோளுக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் நின்றது. உபதேசியார் ஓடி வந்தார். "பெருசு பண்ணாத கண்ணு. அவரு அஞ்சாறு வருசத்துக்கு ஒருக்கா வர்றவரு."

"அஞ்சாறு வருசம் நின்னுக்கறேனுங்க" என்று சொல்லி வரிசையை விட்டு வெளியே வந்தாய். நானும் வந்தேன். என்னைப் பிடித்து உள்ளே தள்ளினாய்.

"நீ நில்லு புள்ள. நீ பூசிக்கிட்டாத்தான் அடுத்த தடவை எனக்குக் கை வெக்க முடியும்."

நின்றேன். தைலம் குளிர்ந்தது. கன்னத்தில் அவர் தட்டியது ஈ உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. என் தோளுக்கு மேலேயும் நின்ற அந்த வெறும் காற்றுத்தான் கனத்தது.

மலையேறும்போது, "எங்க, வெச்சுக் காட்டு" என்றாய். வைத்தேன். "இது கோழியப் புடிக்கற கை. அழுத்தி வெய்யி." ஒற்றையடிப் பாதை முழுக்க உன் பின்னால் அப்படியே நடந்தேன். உன் தோளின் சூடு என் உள்ளங்கையில் ஏறியது.

அடுத்த மழையில் உனக்குக் காய்ச்சல். கொயினா மருந்து வாங்கக் கீழே ஓடியவர் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "ஞானஸ்நானம் வாங்கினவ, மோட்சம் உண்டு" என்று உபதேசியார் எனக்கு ஆறுதல் சொன்னார். மோட்சத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அந்த அம்மாளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்றேன்.

இப்போது மேற்றிராணியார் மறுபடி வருகிறாராம். மலையிலிருந்து மூன்று பெண்கள் இறங்குகிறார்கள். மூவருக்கும் ஞானத்தாய் நான். அழுத்தித்தான் வைப்பேன். ஆனால் இந்தப் பாதையில் இன்று தனியாக நடக்கிறபோது கை தானாக முன்னால் நீள்கிறது. பிடிக்க ஒன்றும் இல்லை.

உன் துணியை மடியில் முடிந்து வைத்திருக்கிறேன். வரிசையில் முதலிடம் உனக்கு. நின்றுகொள்கிறேன் என்று சொன்னவள் நீதானே?

வந்து நில்லு புள்ள. தோளைக் கொடு.