மூன்று விரல் அகல நாடா

அன்புள்ள டெஸ்மண்ட்,

உன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கத்தைச் சரிசெய்துவிட்டார்கள். நேற்று சீட் பெல்ட்டுகளையும் மாற்றினோம். புது பெல்ட் போட்டால் பழைய கார் கண்காட்சி நடுவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள் என்று, நைந்த பிறகும் நீ விட்டுவைத்திருந்தவை.

நம் இமோஜன் அமர்ந்திருந்த பக்கத்து பெல்ட்டை மெக்கானிக் கிளைவ் கழற்றி என் கையில் கொடுத்தார். மூன்று விரல் அகல நாடா. விபத்தன்று, நீ ஓட்டிய கார் மோதியபோது, அவளைத் தாங்கிய இடத்தில் நூல்கள் உருகிக் கண்ணாடிபோல் பளபளத்தன. பாதி இழைகள் முன்பே அறுந்தவை. மீதிப் பாதிதான் நம் மகளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

"எப்படித் தாங்குச்சுன்னே தெரியலம்மா," என்றார் கிளைவ்.

தோளில் கன்றிய தழும்போடு பக்கத்தில் நின்ற இமோஜன் சிரித்தாள். "நடுவருங்க நூத்துக்கு நூறே போடலாம்! அத்தை வீட்டுல ஒளிஞ்சிருந்தது போதும்னு அப்பாட்ட சொல்லும்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாடாவைக் கீழே வைக்கவும் மனம் வரவில்லை.

பிறகு புது பெல்ட்டை மாட்டிக்கொண்டு வெகுநேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ ஓட்டும் இருக்கையின் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தேன். நன்றாகப் பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விட்பி கடற்கரைக்குப் போகலாம் என்றிருக்கிறோம். ஓட்டத்தான் ஆள் இல்லை.

உன் பக்கத்து இருக்கைக்காரி