‘நல்லா’ என்று சொல்லி நீ மூச்சு வாங்கியபோது

என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்த என் பாரு அக்காவுக்கு,

நீ போய்ப் பத்து மாசம் ஆகிறது. இதற்குள் நாலு தடவை உனக்கு எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பழக்கதோஷத்தில் “நல்லா இருக்கியா அக்கா” என்று ஆரம்பிக்கப் போவேன். முதல் சொல்லிலேயே கை நின்றுவிடும். இந்தத் தடவை அந்தச் சொல்லைப் பற்றியே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். நான் மறைத்தது போதும்.

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகிற சாலையில், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி கேண்டினில் சமைத்தவள் நீ. உன் வீட்டுக்காரர், என் மாமா, செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறார். ஒரே மகள் துர்கா. நான் உன்னைவிட ஏழு வயது சின்னவள், ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் லைனில் நிற்கிறேன். அம்மா பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போன காலத்தில் தோட்டத்து லயத்து வீட்டில் என்னை வளர்த்தது நீதான். எனக்குப் பேச்சு வந்ததே உன் வாயைப் பார்த்துத்தான்.

உன் வாயில் எல்லாமே ‘நல்ல’தான், இல்லையா? நல்ல மழை, நல்ல வெயில், நல்ல பசி. கேண்டினில் பிள்ளைகள் முட்டிமோதினால் நல்ல கூட்டம். மாமாவோடு சண்டை போட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணி, “நல்லா குடுத்தேன் இன்னைக்கு” என்பாய். துர்கா குழந்தையாக இருந்தபோது உடம்பு கொதித்தால் “நல்ல காய்ச்சல்டி” என்று அழுவாய். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வேண்டுமானாலும் வரும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் உனக்கு மேல்வயிறும் நெஞ்சும் பிடித்துக்கொண்டது. மாமா உன்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் அந்தச் சின்ன கிளினிக்கில் விட்டுவிட்டு லோரிக்குப் போனார். அங்கே டாக்டர் கிடையாது, மிஸி என்று நாம் கூப்பிடுகிற நர்சுகள்தான். நூருல் என்ற சின்னப் பெண்தான் உன்னைப் பார்த்தாள். காஸ்ட்ரிக்காக இருக்கும் என்று வெள்ளை மருந்து ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, அரைமணி நேரம் படுக்க வைத்தாள். வலி குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

உனக்கு மலாய் தெரியும். மார்க்கெட்டில் மீன்காரனை மலாயிலேயே மடக்கிப்போடுவாய். ஆனால் வலி வந்தவுடன் உனக்குத் தமிழைத் தவிர எதுவும் வரவில்லை. அவள் கேட்கக் கேட்க நீ தமிழிலேயே பதில் சொல்லியிருக்கிறாய். அதனால் அவள் உன் போனை எடுத்து, அதில் கடைசியாகப் பேசிய எண்ணைத் தட்டினாள். அது நான்.

“கக், உங்க அக்காகிட்ட தமிழ்ல கேளுங்க. மருந்து குடிச்சதுக்கு அப்புறம் வலி எப்படி இருக்குன்னு.” கக் என்றால் அக்கா. மலாயில் அவ்வளவுதான் கேட்டாள். போனை உன் காதில் வைத்தாள்.

“அக்கா, மருந்து குடிச்சியே, இப்ப எப்படி இருக்கு?”

“நல்லா…” என்றாய்.

அதே நேரம் என் லைனில் மெஷின் நின்றது. லீடர் என் பேரைச் சொல்லிக் கத்தினார். “சரிக்கா, மிஸிகிட்ட குடு” என்றேன். போன் கை மாறியது. நூருல் கேட்டாள். நான் சொன்னேன்: “டியா காத்தா சுடா பாயிக்.” இப்போது நல்லாகிவிட்டது என்று சொல்கிறாள் என்று. போனை வைத்துவிட்டு மெஷினிடம் ஓடினேன்.

மத்தியானம் மாமா வந்து உன்னைக் கூட்டிப்போனார். சாயங்காலம் நாலரைக்கு, துணி மடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே நீ சரிந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். காலையிலேயே ஆரம்பித்திருக்கும் என்றார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் மாமா கிளினிக் மேல் புகார் எழுதிப் போட்டார். அவர்களுடைய குறிப்பில், நோயாளியின் தங்கை வலி குறைந்துவிட்டதாகச் சொன்னார் என்று இருந்தது. மாமா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். கண் சிவந்து கிடந்தது.

“செல்வி, நீயா இப்படிச் சொன்னே?”

“இல்ல மாமா” என்றேன். “நல்லா வலிக்குதாம்னுதான் சொன்னேன். அந்த மிஸிக்குத்தான் புரியல.”

யோசிக்காமலே வந்துவிட்டது, அக்கா. உன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துர்கா என் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்குத் தெரியும் சின்னம்மா, நீங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க” என்றாள். அந்தக் கையை எப்படி உதறுவேன்?

நூருலை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. உலகத்தில் எல்லா மொழியிலும் இந்தச் சொல் ஆளை ஏமாற்றும் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று தவித்தேன். முதலில் என் போனில் ‘நல்ல வலி’ என்று தட்டி இங்கிலீஷில் கேட்டேன். நன்மையான வலி என்கிற மாதிரி ஏதோ காட்டியது. பார், மெஷினே தப்பாகச் சொல்கிறது, நான் எம்மாத்திரம் என்று அன்றைக்கு ஒரு வாய் சோறு இறங்கியது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், என் பக்கத்து மெஷினில் நிற்கிற சியூ லானிடம் கேட்டேன். செகின்சான்காரி, சீனப் பெண், உனக்கு ஒரு தடவை மாம்பழம் கொடுத்தனுப்பினாளே, அவள்தான்.

“ரொம்ப வலிச்சா உங்க ஆளுங்க எப்படிச் சொல்வீங்க?”

“ஹாவ் தோங்.”

“ஹாவ்னா நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனா வலிக்கு முன்னால வந்தா ரொம்பன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா லா?” என்று சிரித்தாள். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம்.

ரஃபிக் பங்களாதேஷ்காரர், பெட்டி அடுக்குகிறவர். அவர் பாஷையில் ‘பாலோ’ என்றால் நல்லது. காய்ச்சல் பலமாக இருந்தால் ‘பாலோய் ஜொர்’ என்பார்களாம். ஆபீஸில் இருக்கிற ஒரு பெண் பிரெஞ்சு படிக்கிறாள். அங்கேயும் ஆளைப் படுக்கப்போடுகிற சளிக்காய்ச்சலை நல்ல காய்ச்சல் என்று சொல்வதுண்டாம். இங்கிலீஷிலும் ஒருத்தனை வெளுத்து வாங்கினால் ‘குட்’ அடி என்பார்கள் என்றாள்.

மலாயில்தான் அப்படி இல்லை. ‘பாயிக்’ என்றால் நல்லது, குணமானது. வலியோடு அதைச் சேர்த்தால் யாருக்கும் புரியாது. மலாய்க்காரர்கள் ‘சாக்கிட் தெருக்’ என்பார்கள். சாக்கிட் என்றால் வலி, தெருக் என்றால் மோசம். நான் உன்னிடமிருந்து வாங்கி நூருலிடம் கொடுத்த சொல், மலாயில் ஒரே ஒரு வழியில்தான் போக முடியும். அந்த வழியில் நான்தான் அதை அனுப்பினேன்.

குற்றத்தைக் குறைக்கலாம் என்று ஊரெல்லாம் கேட்டேன். கேட்கக் கேட்கக் கூடிக்கொண்டே போனது. சியூ லானோ ரஃபிக்கோ யாரும் அந்தச் சொல்லில் ஏமாறவில்லையே! அவர்கள் அக்காமார் போனில் அதைச் சொல்லியிருந்தால், அடுத்து என்ன வருகிறது என்று காத்திருப்பார்கள். உன்னிடமே பேசக் கற்றுக்கொண்ட நான் காத்திருக்கவில்லை. ஒரு மெஷினுக்காக. அன்றைக்கு அது பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது, தெரியுமா?

ஏழாவது மாசம் ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். நூருல் வீடு தஞ்சோங் காராங்கில், வயல் வாய்க்கால் ஓரத்துக் கம்பத்தில், மலாய்க் கிராமத்தில். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். இருபத்தாறு வயதுதான் இருக்கும். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், நான் யாரென்று சொன்னதும் ஈரத்துணியை அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

“நான்தான் தப்பாச் சொன்னேன்” என்று மலாயில் சொன்னேன். “நீ எழுதினது சரி. மாமாகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

அவள் கத்துவாள், துணியை முகத்தில் எறிவாள் என்று நின்றேன். அவள் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

“நானும் கேட்டேன் கக்” என்றாள். “ஸ்கூல்ல கூடப் படிச்ச தமிழ்ப் பிள்ளைங்க சொல்லி ‘நல்லா’ எனக்குத் தெரியும். உங்க அக்கா சொன்னது என் காதிலயும் விழுந்துச்சு. நீங்களும் சுடா பாயிக்னு சொன்னீங்களா, அதான் சந்தேகமே வரல.”

ஈரத்துணியைக் கொடியில் போட்டாள். அப்புறம் கேட்டாள்.

“நீங்க போனை வச்சதுக்கு அப்புறம் இன்னொரு வார்த்தை சொன்னாங்க. ரெண்டு தடவை. அது என்னன்னு யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல. வலி… வலிக்குத்து. அப்படின்னா என்ன கக்?”

அக்கா, ‘வலிக்குது’ என்றுதான் நீ சொல்லியிருக்கிறாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. “யா அல்லா” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். முன்பின் தெரியாத ரெண்டு பேரும் அந்த வாசலில் உட்கார்ந்து உனக்காக அழுதோம்.

அப்புறம் அவள் சொன்னதுதான் என்னைத் தினமும் அறுக்கிறது. “‘உங்க தங்கச்சி நல்லாயிடுச்சுன்னு சொல்றாங்க, வீட்டுக்குப் போலாமா’ன்னு அவங்ககிட்ட கேட்டேன். உங்க அக்கா என்னையே பார்த்தாங்க. அப்புறம் தலையாட்டிட்டாங்க.”

ஏன் தலையாட்டினாய்? தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றா? பட்டணத்தில் வேலை செய்கிறவள், நாலு விஷயம் தெரிந்தவள் என்றா? உன் வலியைவிட என் பேச்சு பெரிதாகப் போயிற்றா உனக்கு?

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். மாமாவும் துர்காவும் இருந்தார்கள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். மாமா கடைசிவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், “சரிம்மா. நீ கிளம்பு” என்றார். அவர் குரலை உயர்த்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

துர்காதான் கேட்வரை வந்தாள். வழியனுப்ப வருகிறாள் என்று நினைத்தேன்.

“அம்மா உங்களை நம்பித்தான் வீட்டுக்கு வந்தாங்க” என்றாள். “நானும் ஏழு மாசமா உங்களைத்தான் நம்பினேன். இனிமே வராதீங்க.” பூட்டுப் போட்டாள்.

விசாரணைக்குப் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நூருலுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அதே இடத்தில் இல்லை, சபாக் பக்கம் மாற்றிவிட்டார்கள். தினமும் ரொம்ப தூரம் போய் வருகிறாள். அவளுக்கு நான் திருப்பிக் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். உனக்கு எதைத் திருப்பிக் கொடுப்பேன்?

வராதே என்று சொன்ன பிறகும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். கேட் பூட்டியிருக்கும். உள்ளே டிவி ஓடும். மாமா ஜன்னலில் ஒரு தடவை தெரிவார், அப்புறம் திரை விழும். பக்கத்து வீட்டு அம்மா, “ஏம்மா வெயில்ல நிக்கிறே, உள்ள வா லா” என்று கூப்பிடுவார். ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். எதற்குப் போகிறேன்? தெரியவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை.

போன ஞாயிறு துர்கா வெளியே வந்தாள். இளைத்துப் போயிருக்கிறாள், அக்கா. கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அன்னைக்கு அம்மா குரல் எப்படி இருந்துச்சு?”

சாதாரணமாகத்தான் இருந்தது, எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். விசாரணையில்கூட இதை யாரும் கேட்கவில்லை. நான் என்னிடமே இதைக் கேட்டுக்கொண்டதில்லை.

“மூச்சு வாங்குச்சு துர்கா” என்றேன். “‘நல்லா’ன்னு சொல்லிட்டு மூச்சு வாங்குச்சு. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் போனை வச்சுட்டேன்.”

அவள் அழவில்லை. ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உன் கண் அவளுக்கு. அப்புறம் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு டிவி சத்தம் நின்றுவிட்டது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, அக்கா. நீ கொடுத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்தே நான் எதை உடைத்தாலும் அப்படித்தானே? இதை அப்படிச் சுலபமாக வாங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை. கேட்க வேண்டிய இடம் கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே கேட்கவும் இன்னும் தைரியம் வரவில்லை.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். வருகிற ஞாயிறும் போவேன். அதற்கடுத்த ஞாயிறும் போவேன். துர்கா கேட்டைத் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி. உன்னைப் பற்றி அவள் என்ன கேட்டாலும், அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும், நடந்ததை நடந்தபடி சொல்வேன். உன் மகளிடம் இனி என் வாயிலிருந்து ஒரு பொய் வராது. இது உன்மேல் ஆணை.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
துர்காவுக்கு இன்னும் சின்னம்மாதானா என்று தெரியாதவள்,
செல்வி