எங்களைத் தாண்டிப் போன அழைப்பு

என் கண்ணு,

கரடிகளுக்காக நீ வாதாடிய வழக்கில் ஜெயித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கரடி வேட்டைக்கு அனுமதி தரும் அதிகாரம் அமைச்சருக்கு இல்லை என்று புக்கரெஸ்ட் நீதிமன்றம் சொன்னபோது அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

ஊராருக்கு நான்தான் விளக்கினேன். தலைமையாசிரியர் தனக்கு உரிமையில்லாத உத்தரவைப் போட்டால், அது நல்ல உத்தரவானாலும் செல்லாதுதானே என்றேன். பக்கத்து வீட்டு சவேதா சிரித்தாள்.

"டீச்சரம்மா, இந்தப் பாடத்தைக் கரடிக்கும் கொஞ்சம் நடத்துங்க. அது படிக்காததாலதான் எங்க வீட்டுக்காரர் காலைக் கடிச்சு வச்சிருக்கு."

நீ சொல்வதும் சரி, அவள் சொல்வதும் சரி. இப்படி ஒரு கணக்கை நான் வகுப்பில் கொடுத்ததே இல்லை.

இப்போது பிளம் சாராயம் காய்ச்சும் பருவம். பிளம் பழச் சக்கையின் வாசனைக்குக் கரடி மலையிலிருந்து இறங்கும். பார்த்தவர் அடுத்த வீட்டுக்குப் போன் செய்ய, அவர் அதற்கடுத்த வீட்டுக்குச் செய்வார், உனக்குத் தெரியுமே. நேற்று மாலை அப்பா கொல்லையில் சக்கைத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் கரடி நிற்கிறது. அதைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வீட்டுக்குள் வந்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

அதற்கு முன்பே கரடியைப் பார்த்த சவேதா எங்களை விட்டுவிட்டு, எங்களுக்கு அடுத்த வீட்டைப் போனில் அழைத்திருக்கிறாள்.

"பதட்டத்துல மறந்திருப்பா" என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு வா. அதற்குள் கரடிகள் குகைக்குப் போய்விடும். அதுவரை சாயங்காலங்களில் நானும் அப்பாவும் மாறி மாறி ஜன்னலருகே உட்கார்ந்திருப்போம்.

உன் அம்மா