தப்பு கண்டுபிடிக்கும் வகுப்பு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடறீங்க?

எனக்குப் போன வாரம் தொண்டை கட்டிக்கிச்சு. இப்போ சரியாயிடுச்சு, பதறாதீங்க. அதனால நடந்த கூத்தைக் கேளுங்க! என் பாட்டு வகுப்புல ஆறே பிள்ளைங்கதான் மிச்சம். மாசக் கடைசிக்குள்ள பதினஞ்சு பேர் சேரலைன்னா வகுப்பையே மூடிடுவேன்னு தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அன்னைக்கு மேல்ஸ்தாயியில என் குரல் பிசிறடிச்சுது. வாயே திறக்காத ஒருத்தி எழுந்து, "டீச்சர், அது தப்பு!"ன்னா. "அப்போ நீயே பாடு"ன்னேன். கணீர்னு பாடினா அப்பா!

மறுநாள் வேணும்னே நாலு இடத்துல தப்பாப் பாடினேன். டீச்சரோட தப்பைப் பிடிக்கிறதுன்னா சும்மாவா? ஆனா பிடிச்சவங்க அதைச் சரியாப் பாடிக் காட்டணும். இப்போ இருபத்து மூணு பேர்! தலைமையாசிரியரே நாற்காலி தூக்கிட்டு வந்தார்.

ஒரு உதவி. காலையில குளிக்கும்போது பாடுவீங்களே, அதைப் போன்ல பதிவு பண்ணி அனுப்புங்க. பிள்ளைங்களுக்கு ஒரு மாசத்துக்குத் தப்பு தேறும்.

மணி அடிச்சாச்சு, ஓடறேன். திருத்திப் பாடிடாதீங்க அப்பா. இங்கே காலையில என் அறையில ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அந்தத் தப்போடவே கேக்கணும்.

உங்கள் மகள்